பொறிக்கு முன்னால் பவுடர்

வீட்டுக்குள் வந்த எலிக்கு முதலில் விஷம் வைத்தேன். அதுதான் நான் செய்த பெரிய தவறு. விஷம் தின்ற எலி வெளியே போய்த்தான் சாகும் என்று யாரோ சொன்னதை நம்பினேன். அதுவோ அலமாரிக்குப் பின்னால் செத்து, பத்து நாள் வீட்டையே நாறடித்தது. அதற்குள் அடுத்தது வந்துவிட்டது.

பிறகுதான் வரும் வழியைத் தேடினேன். இரவில் சுவரோரம் முகப்பவுடரைத் தூவி வைத்தேன். காலையில் கால்தடங்கள் சமையலறைத் தொட்டிக்கு அடியில் போய் முடிந்திருந்தன. கழிவுநீர்க் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் விரல் நுழையும் அளவு சந்து; அதன் விளிம்பில் பிசுக்கேறிய கறுப்புக் கறை. சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் சந்தே போதும்.

உடனே அடைத்துவிடவில்லை. உள்ளே இருப்பதைப் பிடிக்க வேண்டுமே! புதிய பொருள் எதைக் கண்டாலும் எலிக்குச் சந்தேகம். அதனால் பொறியில் இரையை மட்டும் வைத்து, விசையேற்றாமல், சுவரை ஒட்டி நான்கு நாள் விட்டேன். ஐந்தாம் இரவு விசையேற்றினேன், இரண்டு சிக்கின.

பவுடரில் மூன்று இரவுகள் புதுத் தடம் விழாத பிறகே, சந்தில் பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரைத் திணித்து மேலே சிமெண்ட் பூசினேன். துணியை அடைத்தால் கடித்துத் துப்பிவிடும் (அதையும் செய்து பார்த்தவன்தான்). கதவின் அடியில் தகடு அடித்தேன்.

எலிப் புழுக்கைகளை உலர்ந்தபடியே பெருக்காதீர்கள். தூசியோடு கிருமி மூக்கில் ஏறும். பிளீச்சிங் கரைசலைத் தெளித்து, சற்று ஊறவிட்டு, கையுறையோடு துடைத்தெடுத்தேன்.