வீட்டில் பிபி பார்க்கிறீர்களா? ஒரு நர்ஸ் சொல்கிறேன்

புறநோயாளிகள் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். என் வேலையில் பாதி பிபி பார்ப்பதுதான். வீட்டிலேயே பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறவர்கள் இப்போது அதிகம், அதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். டாக்டர் அறையில் எடுக்கும் ஒற்றை அளவைவிட, ஒரு வாரம் வீட்டில் ஒழுங்காக எடுத்த அளவுகள் ஒருவரின் ரத்த அழுத்தத்தை நன்றாகக் காட்டும். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாலே பிபி ஏறிவிடுகிறவர்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் சரியாக இருந்து, வீட்டில் ஏறியிருக்கிறவர்களும் உண்டு. இந்த இரண்டாவது வகையினர்தான் சிகிச்சை கிடைக்காமல் விட்டுப்போகிறவர்கள்.

ஆனால் நோட்டில் இருக்கும் அளவை நம்ப வேண்டுமென்றால், அதை எப்படி உட்கார்ந்து எடுத்தீர்கள் என்பது எனக்குத் தெரிய வேண்டும். ஒரு பெரியவர் வந்தார். சாயங்கால அளவெல்லாம் 150-க்கு மேல். "மாத்திரையைக் கூட்டச் சொல்லுங்க சிஸ்டர்" என்றார். "வீட்டில் எப்படிப் பார்ப்பீங்களோ, அப்படியே ஒரு தடவை பாருங்க ஐயா" என்றேன். முதுகைச் சாய்க்காமல் விளிம்பில் உட்கார்ந்தார். முழுக்கைச் சட்டையைச் சுருட்டி மேலே தள்ளினார், அது கையை இறுக்கிப் பிடித்தது. பட்டையைக் கட்டிக் கையைத் தொங்கவிட்டு, மிஷின் ஓடும்போதே என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். 156 வந்தது. சட்டையிலிருந்து அந்தக் கையை வெளியே எடுக்கச் சொல்லி, நாற்காலியில் சாய்ந்து உட்கார வைத்து, கையை மேஜைமேல் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொன்னேன். அடுத்து எடுத்தபோது 138. மாத்திரை அதேதான், ஆளும் அதே ஆள்தான்.

கை விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பட்டை இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும், அதாவது நெஞ்சின் நடுப்பகுதிக்கு நேராக. அதைவிடக் கீழே இறங்கும் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் பிபி முக்கால் புள்ளி அளவுக்குக் கூடும். 20 செ.மீ. கீழே தொங்கினால் 15 புள்ளி தானாகவே ஏறிவிடும். மேஜை தாழ்வாக இருந்தால் கைக்கு அடியில் ஒரு தலையணையை வையுங்கள். கையை நீங்களே தூக்கிப் பிடிக்காதீர்கள். தசை இறுகினால் அதுவும் அளவை ஏற்றும்.

பேசக் கூடாது என்று நான் கறாராகச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. வீட்டு மிஷின், காற்றை இறக்கும்போது ரத்தக் குழாயின் துடிப்பு பட்டையில் உண்டாக்கும் சின்னச் சின்ன அதிர்வுகளைப் பிடித்து, அதிலிருந்து மேல் அளவையும் கீழ் அளவையும் கணக்குப் போடுகிறது. கை அசைந்தால் அந்த அதிர்வோடு வேறு அதிர்வும் கலந்துவிடும். பேச்சு அழுத்தத்தையே ஏற்றிவிடும். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு மிஷினின் கணக்கு தடுமாறலாம். அவர்கள் எப்படிப் பார்ப்பது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மிஷின் வாங்கும்போது மேல்கையில் கட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது, கை கொஞ்சம் ஏறி இறங்கினாலும் மாற்றிக் காட்டும். பட்டையின் அளவும் முக்கியம். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவை டேப்பால் அளந்து, பட்டையில் அச்சிட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால், இல்லாத பிபியைக் காட்டும்.

பார்ப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் காபி, டீ, சிகரெட், உடற்பயிற்சி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள், நிறைந்த சிறுநீர்ப்பையும் அளவை ஏற்றும். பாதம் இரண்டும் தரையில் படட்டும். கால்மேல் கால் போடாதீர்கள். பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு செ.மீ. மேலே, வெறும் தோலின்மேல். முதல் தடவை இரண்டு கையிலும் பார்த்து, எதில் கூடுதலாக வருகிறதோ அந்தக் கையிலேயே தொடருங்கள். டயாலிசிஸுக்காக ரத்தக் குழாயை இணைத்திருக்கும் கையில் கட்டவே கூடாது.

டாக்டரிடம் காட்டுவதற்கு முந்தைய ஏழு நாள், காலையும் மாலையும் பாருங்கள். காலையில் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்பு. ஒவ்வொரு வேளையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து, வந்ததை அப்படியே எழுதுங்கள். கூடுதலாக வந்தது என்று அடித்துவிட்டுத் திரும்பத் திரும்ப எடுக்காதீர்கள். அந்தப் பதற்றமே அடுத்ததையும் ஏற்றும். முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி பாருங்கள். வீட்டுச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் உயர் ரத்த அழுத்தம் என்று பெரும்பாலான வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அமெரிக்காவில் 130/80-லிருந்தே அப்படிக் கணக்கிடுகிறார்கள். உங்கள் இலக்கு எவ்வளவு என்பதை வயதையும் மற்ற நோய்களையும் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

180/120-ஐத் தாண்டினால் சில நிமிடம் அமைதியாக இருந்து மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால், உடம்பில் வேறு எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் இருந்தால் இரண்டாவது அளவுக்குக் காத்திருக்கக் கூடாது. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

வயதானவர்கள் எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறது என்று சொன்னால், இன்னொன்றையும் செய்து பாருங்கள். உட்கார்ந்து எடுத்த பிறகு, பிடித்துக்கொள்ள ஆள் பக்கத்தில் இருக்க, எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் எடுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அதை நோட்டில் தனியாகக் குறித்துக் காட்டுங்கள். பெரியவர்கள் விழுந்து எலும்பு முறிந்து வருவதைப் பார்த்துப் பார்த்து, இதை நான் யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை.

டாக்டரைப் பார்க்க வரும்போது நோட்டோடு மிஷினையும் எடுத்து வாருங்கள். எங்கள் கருவியிலும் உங்களுடையதிலும் அடுத்தடுத்து எடுத்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.