மெனேஜ்ட் சுவிட்ச்: வாங்கிப் பூட்டிய பிறகு விடும் தவறுகள்

கணினி, கமரா போன்றவற்றைக் கேபிளால் இணைக்கும் பெட்டிதான் சுவிட்ச்; அதன் செட்டிங்கை நாமே மாற்றக்கூடியது மெனேஜ்ட் சுவிட்ச். அதற்குக் கரண்ட் கொடுத்துக் கேபிள்களைச் செருகினாலே எல்லாம் ஓடத் தொடங்கிவிடும். அதனால்தான் பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் அது சாதாரண சுவிட்சின் வேலையைத்தான் செய்யும். கூடுதலாகக் கொடுத்த காசுக்கான பயன் முழுக்க செட்டிங்கில் இருக்கிறது.

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பில் போடும் கணினி, சிசிடிவி, விருந்தினர் வைஃபை எல்லாம் ஒரே நெட்வேர்க்கில் இருந்தால், அறையில் தங்கியவர் தன் போனிலிருந்தே கமரா ரெக்கோடரின் லொகின் பக்கத்தைத் திறக்கலாம். பில்லுக்கு விலேன் (ஒரே சுவிட்சுக்குள் பிரிக்கும் தனி நெட்வேர்க்) 10, கமராவுக்கு 20, விருந்தினருக்கு 30 என்று பிரிப்பதுதான் இதற்கு வழி. பிரிக்கும்போது வழக்கமாகச் சறுக்குவது இங்கேதான்: போர்ட்டை விலேன் 20இல் சேர்த்துவிட்டு அதன் பிவிஐடியை (விலேன் எண் ஒட்டாமல் உள்ளே வருவதை எந்த விலேனில் சேர்ப்பது என்று சொல்லும் எண்) 1 என்றே விட்டுவிடுவார்கள். கமரா அனுப்புவது விலேன் 1க்குள் போய்விடும், ரெக்கோடருக்கு எதுவும் வராது. அடுத்தது வைஃபை அக்செஸ் பொயின்ட். அலுவலக வைஃபையும் விருந்தினர் வைஃபையும் ஒரே கேபிளில் வருவதால் அந்தப் போர்ட்டில் 30ஐ டேக் செய்தே (விலேன் எண்ணை ஒட்டியே) கொடுக்க வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தாலும், பல ரவுட்டர்கள் விலேன்களுக்கிடையே போக்குவரத்தைத் தாமாகவே அனுமதிக்கும். ஃபயர்வோலில் தடை போட்டு, விருந்தினர் வைஃபையிலிருந்து ரெக்கோடரின் ஐ.பி.க்குப் பிங் செய்து பாருங்கள். பதில் வந்தால் இன்னும் பிரியவில்லை.

பகலில் ஒழுங்காக ஓடும் கமராக்கள் இருட்டியதும் விழுந்தால், முதலில் கமராவைக் குறை சொல்லாமல் பி.ஓ.ஈ. (நெட்வேர்க் கேபிள் வழியாகவே கரண்ட் கொடுக்கும் முறை) கணக்கைப் பாருங்கள். 8 போர்ட் சுவிட்சின் மொத்தப் பி.ஓ.ஈ. திறன் 65 வாட் என்று வையுங்கள். பகலில் கமராவுக்கு 5 வாட் என்றால் 8க்கும் 40. இரவில் இன்ஃப்ராரெட் விளக்கு எரிந்து ஒவ்வொன்றும் 9 வாட் இழுத்தால் 72. போதாது, முன்னுரிமை குறைந்த போர்ட்டுகளைச் சுவிட்ச் வெட்டிவிடும். இரவு உச்சத்தைக் கூட்டி, அதற்கு மேல் கால்பங்கு வைத்து வாங்க வேண்டும். செம்பு பூசிய அலுமினியக் கேபிள் மலிவுதான், ஆனால் நீள ஓட்டத்தில் மின்னழுத்தம் விழும், சூடாகும். முழுச் செம்புக் கேபிளையே போடுங்கள், 100 மீற்றருக்குள்.

ஒரே கேபிளின் இரு முனையையும் யாராவது தவறுதலாக ஒரே சுவிட்சில் செருகினால் போதும், கடை முழுவதும் நெட்வேர்க் நின்றுவிடும். இதைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ சில மலிவு மொடல்களில் அணைத்தே வருகிறது. அதன் வேகமான வகையான ஆர்எஸ்டிபியை ஓன் செய்யுங்கள். ஊழியர் ஒருவர் வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து மாட்டினால் அது தப்பான ஐ.பி.யைப் பங்கிடத் தொடங்கும். டி.எச்.சி.பி. ஸ்னூப்பிங் (ஐ.பி. பங்கிடுவதைக் கண்காணிக்கும் வசதி) போட்டு, உண்மையான ரவுட்டர் இருக்கும் போர்ட்டை மட்டும் நம்பகமானதாகக் குறித்தால் அதுவும் அடங்கும்.

ஐப்பசி, கார்த்திகை இடிமுழக்கத்தில், ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் செம்புக் கேபிள் மின்னலுக்குப் பாதை போட்டுக் கொடுக்கும். இரு முனையிலும் எஸ்எஃப்பி (ஃபைபரைச் சுவிட்சோடு இணைக்கும் சிறு மொடியூல்) வைத்து ஃபைபர் இழுங்கள். உலோகக் கம்பி இல்லாத ஃபைபராக இருக்கட்டும், கவசமிட்ட கேபிளில் உலோகம் இருக்கலாம். கடற்கரையோரமாக இருந்தால் விசிறியில்லாத மொடல் நல்லது. விசிறி உப்புக்காற்றை உள்ளே இழுக்கும்.

கம்பனி போட்டுத் தந்த பாஸ்வேர்டை மாற்றுவது, டெல்நெட்டை (பாஸ்வேர்டை மறைக்காமல் அனுப்பும் பழைய லொகின் முறை) மூடுவது எல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். சேவ் செய்ய மறப்பதுதான் அதிகம். பல சுவிட்சுகளில் 'அப்ளை' அழுத்தினால் மாற்றம் தற்காலிகமாகத்தான் பதியும். கரண்ட் போய் வந்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தனியாக 'சேவ்' அழுத்தி, கொன்ஃபிக் ஃபைலை இறக்கி வேறொரு கணினியிலும் வையுங்கள். சுவிட்ச் எரிந்துபோனால், அதே மொடலில் இன்னொன்று வாங்கி அந்த ஃபைலை ஏற்றிவிடலாம்.