லூக் பிரகோப்: தாய்லாந்து மூலிகைக் கிழி கட்டும் முறை

தாய்லாந்தின் பாரம்பரிய மசாஜான நுவாட் தாய் என்றதும் முழங்கையால் முதுகை அழுத்துவதும் உடம்பை வில்லாக வளைப்பதும்தான் நினைவுக்கு வரும். 2019-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியதும் அந்தக் கைவேலைதான். ஆனால் தாய்லாந்தில் தலைமுறை தலைமுறையாகப் பிடித்துவிடும் குடும்பங்களில் வேலை அதோடு முடிவதில்லை. கடைசியில் லூக் பிரகோப் என்னும் மூலிகைக் கிழியால் ஒத்தடம் கொடுப்பார்கள். முதலில் பிடித்துவிடுதல், பிறகு ஒத்தடம் என்பதே வழக்கம்.

ஐந்தாறு கிழிக்கான சரக்கு இது. ப்ளை கிழங்கு 500 கிராம், பச்சை மஞ்சள் கிழங்கு 100, எலுமிச்சம்புல் தண்டு 200, மக்ரூட் எனப்படும் மேடுபள்ளத் தோல் எலுமிச்சையின் தோல் 100, புளிய இலை 100, சோம்போய் இலை 50, கல்லுப்பு 60, கற்பூரம் 30 கிராம். சோம்போய் வேறொன்றுமில்லை, நம் சீயக்காய்க் கொடிதான். ப்ளை இஞ்சி இனத்தைச் சேர்ந்தது, உள்ளே வெளிர்மஞ்சளாக இருக்கும். வலிக்கு முக்கிய மருந்து அதுதான் என்பதால் எடையில் கிட்டத்தட்ட பாதி அதுவே போகிறது. அது கிடைக்கவில்லை என்று மஞ்சளைக் கூட்டினால் தோலில் கறைதான் ஏறும்.

கிழங்கு, தண்டு, தோல் மூன்றையும் மெல்லியதாக நறுக்கி உரலில் ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். மிக்சியில் அரைத்தால் விழுதாகிவிடும். ஆவியில் வைத்ததும் சாறு முழுக்க வடிந்து, கிழி ஈரப் பந்தாகத் தொங்கும். இடித்ததைக் கையில் அள்ளி இறுக்கினால் விரலிடுக்கு ஈரமாக வேண்டும், சாறு சொட்டக் கூடாது. அதுதான் பதம். இலைகளை உருவிப் போட்டுப் பிசறி, உப்பைச் சேர்த்து, கற்பூரத்தைக் கடைசியாகக் கலக்க வேண்டும். கற்பூரம் காற்றில் பறந்துவிடும். அதனால் கலந்த கையோடு கட்டிவிடுவது நல்லது.

கட்டுவதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். துணி 40 சென்டிமீட்டர் சதுரம், கஞ்சி போகத் துவைத்த காடாத்துணி. நடுவில் 200 கிராம் சரக்கு வைத்து, எதிரெதிர் முனைகளைச் சேர்த்துப் பிடித்து, பிறகு மற்ற இரண்டு முனைகளையும் தூக்க வேண்டும். ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் பந்தை உருட்டி உருட்டி இறுக்கினால் மடிப்புகள் கழுத்துக்கு ஏறிவிடும். அடிப்பக்கம் சுருக்கமில்லாமல் வழவழப்பாக வர வேண்டும், தோலில் படப்போவது அதுதான். கழுத்தில் நூலை மூன்று சுற்று இறுக்கி முடிச்சுப் போட்டு, மிச்சத் துணியின் ஓரங்களை உள்ளே மடித்துச் சுருட்டி, மேலிருந்து கீழ்வரை நூல் சுற்றினால் கைப்பிடி ஆயிற்று. பிடித்துத் தூக்கும்போது கைப்பிடி துவளாமல் நிமிர்ந்து நிற்க வேண்டும். தொளதொளவென்று கட்டிய கிழியில் சரக்கு ஒருபக்கம் சாயும், அந்தப் பக்கம் மட்டும் சுடும்.

இட்லிப் பானை மாதிரி ஆவிப் பாத்திரத்தில் இரண்டு கிழிகளை 15 முதல் 20 நிமிடம் வைக்கவும். ஒன்று கையில், மற்றொன்று ஆவியில் என்று மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். எடுத்த கிழியை முதலில் உங்கள் முன்கையின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியவில்லை என்றால் ஒத்தடம் பெறுபவராலும் முடியாது.

சூடு உச்சத்தில் இருக்கும்போது தொட்டதும் எடுத்துவிட வேண்டும், ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. சூடு தணியத் தணிய வைக்கும் நேரத்தைக் கூட்டலாம். வெதுவெதுப்பானதும் அழுத்தி வைத்து, மெல்ல உருட்டி எடுக்கலாம். தொடக்கத்திலேயே அழுத்தியதால் கொப்புளம் வந்தவர்கள் ஏராளம். சதைப்பற்றுள்ள தோள், இடுப்பு, தொடை, கெண்டைக்கால் ஆகிய இடங்களில் தாராளமாக ஒற்றலாம். முட்டி போன்ற எலும்பு முனைகளில் சூடு சட்டென்று ஏறும், அங்கே சுற்றி ஒற்றினால் போதும். மொத்தம் 20 முதல் 30 நிமிடம்.

புதிதாக அடிபட்டு வீங்கிச் சூடாக இருக்கும் இடத்தில் முதல் 24 மணி நேரம் கிழி வைக்கவே கூடாது, வீக்கம் கூடும். திறந்த புண், காய்ச்சல் இருந்தாலும் வேண்டாம். கற்பூரம் இருப்பதால் கைக்குழந்தைகளுக்கும் ஆகாது. சர்க்கரை நோயால் கால் மரத்தவர், பக்கவாதம் வந்தவர், வயதானவர் ஆகியோருக்குச் சுடுவது தெரியாது. அவர்கள் 'பரவாயில்லை' என்பதை நம்பாமல், உங்கள் கையை வைத்தே அளக்க வேண்டும்.

ஒத்தடம் முடிந்தவுடன் குளிக்கக் கூடாது என்பது அங்கே கண்டிப்பு. மருந்து தோலில் ஊற நேரம் வேண்டுமாம்.

பயன்படுத்திய கிழியை ஆறவைத்து, ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று முதல் ஐந்து நாள் வரும். காய்ந்திருந்தால் மறுபடி ஆவியில் வைக்குமுன் தண்ணீரோ, தாய்லாந்தில் செய்வதுபோல் லாவ் காவ் எனும் அரிசிச் சாராயமோ தெளிக்கலாம். புளித்த வாடையோ பிசுபிசுப்போ தட்டினால் தூக்கிப் போட்டுவிடுங்கள். துணியில் மஞ்சள் நிறம் வெளுத்துவிட்டாலும் அப்படியே. சரக்கில் சாறு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.