கறுப்புப் புகையும் பெட்ரோல் வாடையும்: பழைய காரில் காரணம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாருதி 800, ஜென், சான்ட்ரோ என்று பதினைந்து, இருபது வருடம் ஓடிய வண்டிகள் சென்னையில் இன்னும் நிறையவே இருக்கின்றன. மைலேஜ் சரிகிறது, சைலன்சரில் பெட்ரோல் வாடை வருகிறது, பின்பக்க பம்பரில் கரி படிகிறது. மெக்கானிக் பார்த்துவிட்டு, "ரிச்சா ஓடுது சார்" என்கிறார். அதாவது, காற்றுக்கு ஏற்ற அளவைவிடப் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. பெரும்பாலும் அவர் சொல்வது சரிதான். அதற்குப் பிறகுதான் தவறுகள் ஆரம்பிக்கின்றன. சைலன்சர் புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளக்கும் ஓ2 சென்சர் மாறும், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் கழுவப்படும், புது பிளக் ஏறும். ஆயிரக்கணக்கில் செலவான பிறகும் புகை குறைந்திருக்காது.

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எம்பிஎஃப்ஐ வண்டியில், அதாவது கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் வழியே பெட்ரோல் போகும் வண்டியில், அந்த அளவைக் கணக்குப் போடுவது ஈசிஎம் என்ற கம்ப்யூட்டர் பெட்டி. சென்சர்கள் தரும் தகவலை வைத்துத்தான் அது பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். அதனால் எந்தப் பாகத்தை மாற்றலாம் என்று யோசிப்பதற்கு முன், ஈசிஎம்முக்கு எந்தத் தகவல் தப்பாகப் போகிறது என்று பார்க்க வேண்டும்.

அதற்கும் முன்னால், வண்டி உண்மையிலேயே ரிச்சாகத்தான் ஓடுகிறதா என்று உறுதி செய்யாமல் விடுவது முதல் தவறு. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. விடாமல் வெள்ளைப் புகை வந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். வாடை மட்டும் இருந்து புகை இல்லையென்றால், ஹோஸ் எங்காவது ஒழுகலாம். அது தீப்பிடிக்கும் விஷயம், அன்றைக்கே பாருங்கள். புகைப் பரிசோதனை மையத்தில் சான்றிதழை வாங்கி மடித்து வைக்காமல், அதில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் அளவுகளைப் படியுங்கள். கார்பன் மோனாக்சைடு எகிறியிருந்தால் ரிச். அது குறைவாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறியிருந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு சிலிண்டரில் சரியாக எரியவில்லை. பிளக், பிளக் ஒயர், காயில் பக்கம் போக வேண்டிய வேலை அது.

பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதிலும் ஒரு தப்பு நடக்கிறது. கத்திப்பாரா நெரிசலில் அரை மணி நேரம் ஐடிலில் நின்றுவிட்டு வந்த வண்டியின் பிளக் எப்படியும் கறுத்துத்தான் இருக்கும். ஈசிஆரிலோ பைபாஸிலோ ஒரே வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்டி, ஓரமாக நிறுத்தி, இன்ஜின் சூடு தணிந்ததும் கழற்றினால்தான் அது உண்மை சொல்லும். எல்லா பிளக்கும் உலர்ந்த கரியாக இருந்தால் காரணம் பொதுவானது. ஒன்று மட்டும் கறுத்திருந்தால் அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர் ஒழுகலாம், அல்லது ஸ்பார்க் வீக்காக இருக்கலாம்.

நம் ஊரில் அதிகம் பார்க்கிற தவறு தெர்மோஸ்டாட் வால்வைப் பிடுங்கிப் போடுவது. "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு, இருந்தா ஹீட்தான் ஆகும்" என்பார்கள். இது எனக்கு மனவருத்தம் தரும் பழக்கம். இந்த வால்வு 80 டிகிரிக்கு மேல் போனதும்தான் திறக்கும். இன்ஜினைச் சீக்கிரம் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே வைத்திருப்பது அதன் வேலை. அது இல்லாத வண்டி தாம்பரம் தாண்டி ஜிஎஸ்டி சாலையில் காற்று வாங்கிக்கொண்டு ஓடும்போது இன்ஜின் முழுச் சூட்டுக்கே வராமல் போகலாம். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து ஈசிஎம் கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். வண்டி ஹீட் ஆகிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பு, ஃபேன், வாட்டர் பம்ப்பைப் பார்க்க வேண்டும். பழைய வண்டி வாங்கியவர்கள் வால்வு உள்ளே இருக்கிறதா என்று முதலில் திறந்து பார்த்துவிடுங்கள்.

இதற்கு அடுத்தபடி கூலன்ட் டெம்ப்பரேச்சர் சென்சர். சூடு ஏற ஏற இதன் ரெசிஸ்டன்ஸ் குறையும். பல வண்டிகளில் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம் வரை இருக்கும். 80 டிகிரியில் சுமார் 300 ஓம். ஒயர் வந்து மாட்டும் இதன் கப்ளரில் பச்சையாகப் பூத்திருந்தால் அந்தத் துரு கூடுதல் ரெசிஸ்டன்ஸாகச் சேரும். ஈசிஎம்முக்கு அது குளிர்ந்த இன்ஜினாகத் தெரியும். ஒயர் முழுசாக அறுந்தால் செக் இன்ஜின் விளக்கு எரியும். பாதி துருவுக்கு எந்த விளக்கும் எரியாது. திருவான்மியூர், எண்ணூர் மாதிரி உப்புக்காற்று வீசும் இடங்களில் நிற்கும் வண்டிகளிலும், 2015 வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயலிலோ தண்ணீரில் நின்ற வண்டிகளிலும் நான் முதலில் சந்தேகப்படுவது இந்தக் கப்ளரைத்தான். டேஷ்போர்டு முள் சரியாக நிற்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். பல வண்டிகளில் முள்ளுக்குத் தனி சென்சர், ஈசிஎம்முக்குத் தனி சென்சர். ஈசிஎம்மில் உள்ள தகவலைப் படிக்கும் ஸ்கேனரைப் போட முடிந்தால் சுலபமான சோதனை ஒன்று இருக்கிறது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் போட்டு, கூலன்ட் வெப்பத்தையும் உள்ளே வரும் காற்றின் வெப்பத்தையும் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 30 டிகிரி, கூலன்ட் 5 டிகிரி என்று காட்டினால் சென்சரையும் கப்ளரையும் தாண்டி வேறெங்கும் போக வேண்டாம்.

ஓ2 சென்சரை எடுத்த எடுப்பில் மாற்றுவது பணத்தை வீணாக்கும். நல்ல சென்சர் சுமார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையில் மாறிக்கொண்டே இருக்கும். 0.9 பக்கமே நின்றால் அது ரிச்சை ரிச் என்று சரியாகத்தான் சொல்கிறது; அதை மாற்றிப் பயனில்லை. கறுப்புப் புகை வந்தும் 0.1 பக்கமே நின்றால், சென்சருக்கு முன்னால் சைலன்சர் பைப்பிலோ மேனிஃபோல்டு கேஸ்கெட்டிலோ ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஓட்டை வழியே வெளிக்காற்று புகுந்தால் சென்சர் லீன், அதாவது பெட்ரோல் குறைவு, என்று சொல்லும், ஈசிஎம் பெட்ரோலைக் கூட்டும். ஒரு சிலிண்டர் மிஸ் ஆனாலும் எரியாத ஆக்சிஜன் வெளியே வந்து இதே குழப்பம் நடக்கும். அப்படி எதுவும் இல்லையென்றால் அப்போது சென்சரை மாற்றலாம்.

இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது மேப் சென்சர். அதற்குப் போகும் வேக்குவம் ஹோஸில் விரிசல் விழுந்தால், ஆக்சிலரேட்டரை நன்றாக மிதித்திருப்பதாக ஈசிஎம் நினைத்துக்கொள்ளும். சின்ன ரப்பர் துண்டு அது, விலையும் சொற்பம். பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ஃப்யூயல் பிரஷர் ரெகுலேட்டரில் வேக்குவம் ஹோஸ் இருக்கும் வண்டியில் அதையும் உருவிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால், ரெகுலேட்டருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வான டயஃப்ரம் கிழிந்துவிட்டது; அந்த ஹோஸ் வழியே பெட்ரோல் இன்ஜினுக்குள் போகும்.

இப்போது எல்லாப் பழியும் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் மேல் விழுகிறது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அது கலவையை லீன் பக்கம்தான் தள்ளும். மைலேஜ் கொஞ்சம் குறைவது அதில் சக்தி குறைவு என்பதால். ஆனால் பழைய ரப்பர் டயஃப்ரம், ஹோஸ், கார்புரேட்டரில் உள்ள நீடில் வால்வு நுனி ஆகியவற்றை அது கெடுக்கக்கூடும். அந்த வழியில் ரிச் ஆக வாய்ப்புண்டு.

கார்புரேட்டர் வண்டியென்றால் மிக்சர் ஸ்க்ரூவைத் திருகித் திருகிப் பார்ப்பதில் அர்த்தமில்லை. அது ஐடிலுக்கு மட்டும்தான். ஓடும்போது புகை வந்தால் காற்றைத் தடுக்கும் சோக் முழுசாகத் திறக்கிறதா, பெட்ரோல் மட்டத்தில் மிதக்கும் ஃப்ளோட்டுக்குள் பெட்ரோல் புகுந்து கனத்துவிட்டதா, பெட்ரோல் வரத்தை நிறுத்தும் நீடில் வால்வு சரியாக மூடுகிறதா என்று பாருங்கள். புதுப்பேட்டையில் வாங்கிப் போட்ட பழைய கார்புரேட்டர் என்றால், பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டில் உள்ள எண் உங்கள் மாடலுக்கு உரியதுதானா என்றும் சரிபார்க்க வேண்டும். முன்பு கைமாறிய யாரோ பெரிய ஜெட் போட்டிருக்கலாம்.

கோளாறு தீர்ந்ததும் இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் கட்டாயம் மாற்றுங்கள். மாதக்கணக்கில் ரிச்சாக ஓடிய வண்டியில் பெட்ரோல் ஆயிலில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்திருக்கும், பேரிங்குகள் தேயும். டிப்ஸ்டிக்கை முகர்ந்தாலே தெரியும். கடைசியாக, ஈசிஎம் கற்றுவைத்த பழைய கணக்கை ஸ்கேனரில் அழித்துவிட்டு, இரண்டு டேங்க் ஓட்டிய பிறகு மைலேஜைக் கணக்கிடுங்கள்.