பார்லர் வரவேற்பில் இருப்பவர் போனிலேயே கேட்க வேண்டியது

ஹேர் கலரிங்குக்கு அப்பாயின்ட்மென்ட் கேட்டு போன் வந்தால், நேரத்தைக் குறிப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "முன்பு டை போட்டு அரிப்பு, வீக்கம் வந்திருக்கிறதா? கறுப்பு மெஹந்தி போட்டு எரிந்ததுண்டா?" என்று கேளுங்கள். நிரந்தர டைகள் பலவற்றில் இருக்கும் பிபிடி என்ற ரசாயனம்தான் அலர்ஜிக்கு முக்கியக் காரணம். கறுப்பு மெஹந்தியிலும் அதைக் கலப்பதுண்டு. ஆம் என்றால் டை வேண்டாம், தோல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லை என்றாலும், 48 மணி நேரம் முன்பே வந்து காதுக்குப் பின்னால் சிறிது தடவிப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

"போன முறை ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள். இந்த அலர்ஜி பல முறை போட்ட பிறகும் திடீரென வரும். முகூர்த்த நேரத்தில் "இன்னைக்கே வேணும்" என்று நிற்பவரிடம் மறுப்பது சங்கடம்தான். முகம் வீங்கிய மணப்பெண்ணைச் சமாளிப்பது அதைவிடச் சங்கடம். கேட்ட பதிலைத் தேதியோடு அவர் பெயருக்கு எதிரே எழுதுங்கள். கலர் போடுபவர் அதைப் பார்த்த பிறகே கிண்ணத்தைத் தொட வேண்டும்.

அப்புறம், அந்த நோட்டைக் கவுன்டரில் விரித்து வைக்காதீர்கள். எதிரே நிற்பவரின் போன் நம்பரைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லவும் வேண்டாம், எழுதிக் காட்டினால் போதும். யாராவது போன் செய்து "என் மனைவி அங்கே இருக்கிறாளா?" என்று கேட்டால், ஆம், இல்லை இரண்டுமே சொல்லாதீர்கள். பெயரும் நம்பரும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பெண் உள்ளே இருந்தால் அவரிடம் கொடுங்கள். திருப்பிக் கூப்பிடுவதா என்பதை அவரே முடிவு செய்வார்.