மிரர்லெஸ் கேமரா வாங்குமுன்: நம் கடற்கரையில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

"அண்ணே, கல்யாணத்துக்கும் ஆகணும், பறவை எடுக்கவும் ஆகணும், வீடியோவும் வேணும். ஒரு பாடி சொல்லுங்க."

ராமநாதபுரத்திலும் கீழக்கரையிலும் படத்தொழிலில் இருக்கும் எவருக்கும் இந்தக் கேள்வி பழகிப்போன ஒன்று. பாடி என்றால் லென்ஸ் இல்லாத கேமரா, மிரர்லெஸ் என்றால் உள்ளே கண்ணாடி வைக்காத வகை. இரண்டு, மூன்று லட்சம் போடுகிறவர் அப்படிக் கேட்பது நியாயம்தான். நகையை அடகு வைத்தும் தவணை போட்டும் வாங்குகிற தம்பிகளை எனக்குத் தெரியும். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். பொருந்தாத பாடியை வாங்கிவிட்டு விற்கப் போனால் பெரிய தொகை அடிபடும். விற்க மனமில்லாமல் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு வேலையிலும் காலை வாரும்.

பலரும் யூடியூபில் நாலு விமர்சனம் பார்த்து மாடலை முடிவு செய்துவிட்டு, அதன் பிறகுதான் எதை எடுக்கப் போகிறோம் என்று யோசிக்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். எடுக்கப் போவது எவ்வளவு வேகமாக அசையும், எந்த வெளிச்சத்தில் இருக்கும், எடுத்த படம் கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்பது தெளிவானால் லென்ஸ் எது என்று தெரிந்துவிடும். லென்ஸ் முடிவானால் பாடியைத் தேர்ந்தெடுப்பது பெரிய வேலையே இல்லை.

மெகாபிக்சல் கணக்கு

நம் பக்கம் கல்யாண ஆல்பத்தில் பரவலாக ஓடுவது 12-க்கு 36 அங்குல ஷீட். 24 மெகாபிக்சல் பாடியில் படத்தின் நீளம் 6000 புள்ளி. அதைப் பாதி ஷீட்டில், அதாவது 18 அங்குல அகலத்தில் வைத்தால் அங்குலத்துக்கு 333 புள்ளி கிடைக்கிறது. நல்ல அச்சுக்கு 300 போதும். அதே படத்தை முழு ஷீட்டுக்கும் விரித்தால் 166-க்கு இறங்கிவிடும். 45 மெகாபிக்சலில் எடுத்திருந்தால் ஏறக்குறைய 228-இல் நிற்கும். உற்றுப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியும்தான். ஆனால் அப்படி ஒரே படத்தை விரிக்கிற ஷீட் ஒரு ஆல்பத்தில் எத்தனை வரும்? அந்த இரண்டு, மூன்று ஷீட்டுக்காக 61 மெகாபிக்சல் சோனி ஏ7ஆர் மார்க் 5-ஐக் கல்யாண வேலைக்கு வாங்கினால், சுருக்காத ரா கோப்பு (கேமரா மாற்றாமல் தரும் மூலக் கோப்பு) ஒன்றே 120 எம்.பி.யைத் தொடும். மூவாயிரம் படம் எடுத்தால் 360 ஜி.பி. அதைக் காப்பி எடுக்கவும், லைட்ரூமில் திறக்கவும், பேக்கப் வைக்கவும் கம்ப்யூட்டரையும் மாற்ற வேண்டிவரும்.

கேனான் ஆர்6 மார்க் 2, நிக்கான் இசட்6 மார்க் 3 போன்ற 24 மெகாபிக்சல் பாடிகளும், 33 மெகாபிக்சல் சோனி ஏ7 மார்க் 4-ம் கல்யாணத்துக்குத் தாராளம். மிச்சமாகும் பணத்தில் அதிக வெளிச்சம் வாங்கும் எஃப் 2.8 ஜூம் லென்ஸ் ஒன்றோ, 35, 85 மி.மீ. பிரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) இரண்டோ வாங்குங்கள். மண்டபத்தின் மங்கல் வெளிச்சத்தில் கைகொடுப்பது அதுதான். பெரிய மெகாபிக்சல் தேவைப்படுகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். பாம்பன் பாலத்தை ஹோட்டல் சுவருக்கு ஆறடி அகலத்தில் அச்சடித்துத் தருகிறவர், முக்காலியில் வைத்து நிதானமாகக் கடற்காட்சி எடுக்கிறவர் ஆகியோருக்கு ஏ7ஆர் மார்க் 5 மாதிரியான பாடி போட்ட காசுக்குத் தகும்.

சத்தமில்லாத ஷட்டரை நம்பிக் கெடுவது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கடையில் காட்டும்போது எல்லோரையும் மயக்குவது இந்த வசதிதான். கிளிக் சத்தமே இல்லாமல் நொடிக்கு முப்பது, நாற்பது படம் ஓடும். ஆனால் இந்த எலக்ட்ரானிக் ஷட்டரில், படத்தைப் பதிவு செய்யும் சென்சார் முழுப் படத்தையும் ஒரே கணத்தில் எடுப்பதில்லை. மேல் வரியிலிருந்து கீழ் வரி வரை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வருகிறது. ஏ7ஆர் மார்க் 5-இல் இப்படிப் படித்து முடிக்க ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நொடி ஆகிறது. ஏ7 மார்க் 4-இல் சுமார் பதினைந்தில் ஒரு பங்கு. ஷட்டர் வேகத்தை 1/4000 என்று வைத்தாலும் இந்தப் படிக்கும் நேரம் குறையாது. அந்த நேரத்துக்குள் பொருள் நகர்ந்துவிட்டால் படம் சாய்ந்துபோகும்.

நேரில் பார்க்க ஆசைப்பட்டால் பாம்பனுக்கு வாருங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் 72.5 மீட்டர் தூக்குப் பகுதிக்கு இருபுறமும் நெடுநெடுவென்று கோபுரங்கள் நிற்கின்றன. சாலைப் பாலத்தில் ஓடும் பஸ்ஸின் ஜன்னலிலிருந்து அவற்றைச் சத்தமில்லாத ஷட்டரில் எடுத்துப் பாருங்கள். இரண்டு கோபுரமும் ஒரே பக்கமாகச் சரிந்து நிற்கும். திரை நகர்ந்து மூடும் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றி எடுத்தால் நேராகிவிடும். மீன் கொத்தக் கடலில் பாயும் ஆலாவின் இறக்கையும் இதே காரணத்தால்தான் வளைந்து விழுகிறது.

கல்யாண மண்டபத்தில் இதே குறை வேறு முகம் காட்டும். நம் மின்சாரத்தில் எரியும் மலிவான எல்.இ.டி. விளக்குகள் நொடிக்கு நூறு முறை கூடிக் குறைகின்றன. சென்சார் மெதுவாகப் படித்தால் நிக்காஹ் மேடையில் மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை மேல் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை பட்டையாக விழும். அதை எடிட்டிங்கில் எடுப்பது பெரும்பாடு. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 1/100-இல் வைத்தால் இந்த வகை விளக்கில் பெரும்பாலும் தப்பிக்கலாம். மேடைக்குப் பின்னால் எல்.இ.டி. திரை வைத்தால் அதன் துடிப்பு இன்னும் வேகமானது. அங்கே ஷட்டர் வேகத்தை நுணுக்கமாக மாற்றித் துடிப்போடு ஒத்துப்போகச் செய்யும் வசதி பாடியில் இருக்க வேண்டும். ஆர்6 மார்க் 2, ஏ7 மார்க் 4, நிக்கான் இசட்8 மூன்றிலும் அது உண்டு. ஏர்வாடி சந்தனக்கூடு ஊர்வலத்தின் சீரியல் விளக்குகளை இரவில் எடுக்கிறவர்களும் வாங்குமுன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேகமாகப் படிக்கிற பாடிகளும் இருக்கின்றன. வேகமாகப் படிக்க அடுக்கடுக்காகச் செய்த ஸ்டேக்டு சென்சார் வைத்த நிக்கான் இசட்8, இசட்9 இரண்டிலும் படிக்கும் நேரம் 1/250 நொடிக்கும் குறைவு. இசட்8, இசட்9-இல் மெக்கானிக்கல் ஷட்டரையே எடுத்துவிட்டார்கள். சோனி ஏ9 மார்க் 3 அதற்கும் ஒரு படி மேலே போய், எல்லா வரியையும் ஒரே கணத்தில் எடுக்கும் குளோபல் ஷட்டரோடு வந்தது. அரிச்சல்முனையில் உச்சி வெயிலில் ஜோடிப் படம் எடுக்கிறவர்கள் அதற்கு ஆசைப்படுவது புரிகிறது, 1/80000 வரை ஃபிளாஷ் ஒத்துழைக்கும். ஆனால் அதன் விலைக்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஹை ஸ்பீட் சிங்க் (வேகமான ஷட்டரிலும் ஒத்துழைக்கும் வசதி) உள்ள ஒரு நல்ல ஃபிளாஷ் அந்த வேலையில் முக்கால் பங்கைச் செய்துவிடும்.

பறவைக்குப் பாடி பார்த்து வாங்குவது

குளிர்காலத்தில் தனுஷ்கோடிப் பக்கத் தேங்குநீரில் பூநாரைகள் இறங்குகின்றன. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களில் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டுகின்றன. இதற்காக மூன்றரை லட்சத்துக்குப் பாடி வாங்கி, அதில் 70-200 மி.மீ. லென்ஸை மாட்டிக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. பறவைக்கு முதலில் வேண்டியது 500, 600 மி.மீ. எட்டும் லென்ஸ். சோனியின் 200-600, நிக்கானின் 180-600, கேனானின் 100-500, 200-800 என்று அந்தந்த மவுண்டில் (பாடியில் லென்ஸ் மாட்டும் வாய்) எது கைக்கு எட்டுகிறது என்று முதலில் பாருங்கள். இவற்றில் பல இரண்டு கிலோவை ஒட்டிய எடை. மணலில் இரண்டு கிலோமீட்டர் தூக்கி நடக்க முடியுமா என்பதும் சேர்த்துத்தான் கணக்கு.

பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃப்ரேம் இல்லாவிட்டால் மதிப்பில்லை என்ற நினைப்பையும் இங்கே விட்டுவிடலாம். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் படத்தை 1.5 மடங்கு வெட்டினால் மிஞ்சுவது பத்து மெகாபிக்சல்தான். ஏ.பி.எஸ்-சி எனும் சிறிய சென்சார் கொண்ட கேனான் ஆர்7 அதைவிடச் சிறிய பரப்பில் 32.5 மெகாபிக்சலைத் தருகிறது. விலையும் குறைவு. ஆனால் அதன் சென்சார் நிதானமாகப் படிக்கிற வகை. பறக்கும் பறவைக்கு எலக்ட்ரானிக் ஷட்டரில் நொடிக்கு 30 படம் ஓட்டாமல் மெக்கானிக்கலில் 15 படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படகிலும் சதுப்பிலும் அலைகிறவர்களுக்கு என் தேர்வு ஓ.எம். சிஸ்டத்தின் ஓ.எம்.-1. சென்சார் இன்னும் சிறியது, 20 மெகாபிக்சல்தான், இருட்டில் புள்ளிப்புள்ளியாக நாய்ஸ் கூடுதலாக வரும். ஆனால் படிக்கும் வேகம் அதிகம், 300 மி.மீ. லென்ஸே ஃபுல் ஃப்ரேமில் 600 போட்ட மாதிரி எட்டும், பாடி ஐ.பி.53 தரத்தில் தூசிக்கும் சாரலுக்கும் தாங்கும். காரங்காடு அலையாத்திக் காட்டுக்குள் படகில் போகும்போது சின்னப் பாடி, லென்ஸின் எடைக் குறைவின் அருமை தோளுக்குத் தெரியும்.

வெயில் ஏறிய பிறகு எடுத்த பறவைப் படங்கள் மழுங்கி வந்தால் பாடியையும் லென்ஸையும் குறை சொல்லிப் பயனில்லை. சூடேறிய உப்பு மண்ணின் மேல் கானல் நெளியும்போது, நூறு மீட்டருக்கு அப்பால் உள்ள பூநாரையின் கண்ணை எந்த லென்ஸும் கூர்மையாகத் தராது. ஃபோகஸ் பெட்டி பறவையின் மேலேயே இருக்கும், படம் தண்ணீருக்குள்ளிருந்து பார்த்த மாதிரி இருக்கும். இதைக் கேமராவின் கோளாறு என்று நினைத்துப் பாடியை மாற்றியவர்கள் உண்டு. விடியலில் போய் எட்டு மணிக்குள் முடித்துக்கொள்வதுதான் இதற்கு வழி.

உப்புக்காற்று

வெதர் சீலிங் என்று பெட்டியில் போட்டிருப்பதை வாட்டர் ப்ரூஃப் என்று எடுத்துக்கொள்வது நம் கடற்கரையில் அதிகச் செலவு வைக்கும் தவறு. பாடியில் சீலிங் இருந்தாலும், மாட்டியிருக்கும் லென்ஸின் பின்வளையத்தில் ரப்பர் பட்டை இல்லையென்றால் ஈரம் அந்த வழியாக உள்ளே போகும். கடையிலேயே லென்ஸைத் திருப்பி அந்தப் பட்டை இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

கச்சான் (தென்மேற்குக்) காற்று அடிக்கும் மாதங்களில் தனுஷ்கோடியின் ஆண் கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் பத்து நிமிடம் நின்றால் போதும், லென்ஸ் கண்ணாடியில் புகை படிந்த மாதிரி உப்புப் படலம் ஏறிவிடும். அதைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள். காய்ந்த உப்பும் மணலும் கோட்டிங்கைக் கீறிவிடும். முதலில் ப்ளோயரால் ஊதி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி, கடைசியில் லென்ஸ் திரவம். பாடியையும், ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூவையும், முக்காலியின் கால் பூட்டுகளையும் அன்றிரவே துடைத்துவிட வேண்டும்.

மிரர்லெஸ்ஸில் லென்ஸைக் கழற்றினால் சென்சார் நேரே வெளியே தெரியும். அணைத்ததும் ஷட்டரோ தனி மூடியோ விழுந்து சென்சாரை மறைக்கும் வசதி கேனான் ஆர்5, இசட்8, ஏ7 மார்க் 4 போன்றவற்றில் உண்டு. சிலவற்றில் அதை மெனுவில் நாம்தான் போட்டுவிட வேண்டும். இந்த வசதி இல்லாத பாடியைக் கடற்கரை வேலைக்கு நான் சொல்ல மாட்டேன். இருந்தாலும் மணலில் லென்ஸ் மாற்றுவதைத் தவிருங்கள். இரண்டு லென்ஸ் கட்டாயம் வேண்டிய வேலைக்குப் புதிய உயர்ரகப் பாடி ஒன்றைவிட, செகண்ட் ஹேண்டில் நடுத்தரப் பாடி இரண்டு பயன்படும்.

கணக்கில் விட்டுப்போவது

பாடியின் விலையை மட்டும் பார்த்துப் போகிறவர்களுக்குக் கார்டு அதிர்ச்சி தரும். சி.எஃப். எக்ஸ்பிரஸ் என்ற வேகமான கார்டு வகையில் சோனி பயன்படுத்துவது டைப் ஏ, நிக்கானும் கேனானும் டைப் பி. ஒன்றுக்கொன்று பொருந்தாது. இசட்9-இல் இரண்டு ஸ்லாட்டுமே டைப் பி, ஆர்6 மார்க் 2-இல் இரண்டுமே சாதாரண எஸ்.டி. கல்யாணத்துக்கு இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகிற வசதி கட்டாயம், ஒற்றை ஸ்லாட் பாடியை அந்த வேலைக்கு நினைக்கவே வேண்டாம்.

மவுண்ட் என்பது பத்து வருடச் சம்பந்தம். சோனியில் சிக்மா, டாம்ரான் லென்ஸ்கள் நிறையக் கிடைப்பதால் குறைந்த செலவில் வளரலாம். கேனான் ஆர்.எஃப். மவுண்டில் சிக்மா, டாம்ரானின் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் கேனானின் அனுமதியோடு 2024-இல்தான் வரத் தொடங்கின, அதுவும் ஏ.பி.எஸ்-சி அளவுக்கு.

வீடியோ என்றால் நிழலில் ஓடுவதையும் தனுஷ்கோடி வெயிலில் ஓடுவதையும் ஒன்றாக எண்ணாதீர்கள். 4கே 60 (நொடிக்கு 60 ஃப்ரேம்) வைத்தால் ஏ7 மார்க் 4 படத்தை 1.5 மடங்கு வெட்டிவிடும், அகல லென்ஸ் அகலமாக இருக்காது. ஆர்6 மார்க் 2 முழு அகலத்தையும் தரும். மணிக்கணக்கில் நிறுத்தாமல் பதிவு செய்கிறவர்கள் உள்ளேயே மின்விசிறி வைத்த பானாசோனிக் எஸ்5 மார்க் 2-ஐக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கடலுக்கடியில் எடுக்க ஆசை இருந்தால் முதலில் ஹவுசிங் (கேமராவை மூடும் நீர்புகாப் பெட்டி) விலையைக் கேளுங்கள். அது ஒரு மாடலுக்கு மட்டுமே பொருந்தும், பல சமயம் பாடி விலைக்கு வந்து நிற்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது.

மீன் ஏலத்தையும், கடல்பாசி எடுக்கும் பெண்களையும், வலை பின்னும் கரையையும் எடுக்கிறவர்களுக்கு இவ்வளவு எதுவும் தேவையில்லை. ஃபுஜி எக்ஸ்-டி5 மாதிரி சின்னப் பாடியும் 23 மி.மீ. லென்ஸும் போதும். இரண்டு கிலோ லென்ஸை நீட்டினால் அக்காமார் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், பேச்சும் நின்றுவிடும்.

வாங்குமுன் மனதில் உள்ள பாடியையும் லென்ஸையும் மதுரையில் இரண்டு நாள் வாடகைக்கு எடுங்கள். ஒருநாள் மாலை நீங்கள் வழக்கமாக வேலை செய்யும் மண்டபத்தில் எல்லா விளக்கையும் போடச் சொல்லி இரண்டு ஷட்டரிலும் எடுத்துப் பாருங்கள். மறுநாள் விடியலில் கரைக்குப் போய்ப் பறக்கும் கடற்காகத்தைத் தொடர்ந்து எடுங்கள். கார்டைக் கொண்டுவந்து உங்கள் கம்ப்யூட்டரிலேயே திறந்து, அது எவ்வளவு நேரம் திணறுகிறது என்றும் கவனியுங்கள்.