இன்சுலின் எதிர்ப்புக்குத் தாவர மாத்திரை: வாங்கும் முன் எதையெல்லாம் பார்ப்பது?

உடல் பருமனால் வரும் இன்சுலின் எதிர்ப்பை (இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் சரியாக மசியாத நிலை) ஒரு மூலிகைச் சாறு சரிசெய்துவிடும் என்று யாராவது சொன்னால் உடனே சிரித்துத் தள்ளவும் வேண்டாம், உடனே ஆர்டர் போடவும் வேண்டாம். டாக்டர்கள் எழுதிக்கொடுக்கும் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினுக்கே பூர்வீகம் ஒரு செடிதான். கலேகா அஃபிசினாலிஸ் என்ற செடியில் இருக்கும் கலேஜின் சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் நச்சு அதிகம். அதே குடும்பத்து மூலக்கூறாக ஆய்வகத்தில் உருவான மெட்ஃபார்மினை 1957-இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் சர்க்கரை நோய்க்குக் கொண்டுவந்தார்.

முதலில், யாருக்குக் கொடுத்துச் சோதித்தார்கள் என்று பாருங்கள். சுண்டெலி என்றால், கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று போட்டிருப்பதை 12.3-ஆல் வகுத்தால் மனிதருக்கான தோராயக் கணக்கு வரும். 2006-இல் கொழுப்புத் தீனி தின்ற சுண்டெலிகளுக்கு, திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால் நன்றாக வேலை செய்தது; அளவு கிலோவுக்குச் சுமார் 22 மி.கி., அதாவது 70 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 125 மி.கி. ஆனால் 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பருமனான ஆண்களுக்குத் தினம் 1,500 மி.கி. வீதம் நாலு வாரம் கொடுத்தும் இன்சுலின் உணர்திறன் அசையவே இல்லை. அளவு போதவில்லை என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை.

அப்புறம், அது ரத்தத்துக்குப் போய்ச் சேர்கிறதா? மஞ்சளில் உள்ள குர்குமினை ஆய்வகத் தட்டில் வளரும் செல்கள்மேல் நேரடியாக ஊற்றினால் அழற்சி குறைவது உண்மைதான், ஆனால் வாய்வழி சாப்பிட்டால் ரத்தத்தில் அந்த அடர்த்தியின் பக்கத்தில்கூட வராது. அதற்காகத்தான் மிளகின் பைப்பரினைச் சேர்த்து விற்கிறார்கள். அது குர்குமினோடு நீங்கள் சாப்பிடும் மற்ற மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடலாம் என்பதை யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

இப்போதைக்கு மனிதர்களிடம் ஓரளவு பலன் காட்டியது, மரமஞ்சள் போன்ற செடிகளில் உள்ள பெர்பெரின்தான் என்பேன். செல்லின் எரிபொருள் அளவைக் கண்காணிக்கும் ஏஎம்பிகே என்ற நொதியை அது தூண்டுகிறது. ஆய்வுகளில் பெரும்பாலும் 500 மி.கி., நாளைக்கு இரண்டு மூன்று வேளை கொடுத்திருக்கிறார்கள். பலவும் சின்ன, குறுகிய கால ஆய்வுகள். வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் சகஜம். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தொடவே கூடாது. சைக்ளோஸ்போரின் (உறுப்பு மாற்றியவர்களுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கக் கொடுப்பது) எடுப்பவர்களுக்கு அந்த மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும். சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்துபோகவும் வாய்ப்புண்டு.

இதையெல்லாம் பார்த்த பிறகும் முயல நினைத்தால், டாக்டரிடம் சொல்லிவிட்டு, தொடங்கும் முன்பே வெறும் வயிற்றில் குளுக்கோஸும் இன்சுலினும் எடுத்துவிடுங்கள். இரண்டையும் பெருக்கி 405-ஆல் வகுத்தால் ஹோமா-ஐஆர், அதாவது இன்சுலின் எதிர்ப்பைத் தோராயமாகக் காட்டும் எண்; கூடினால் எதிர்ப்பும் கூட (குளுக்கோஸ் மி.கி./டெ.லி. கணக்கில் இருக்க வேண்டும்). குளுக்கோஸ் 100, இன்சுலின் 15 என்றால் 3.7; குளுக்கோஸ் 90, இன்சுலின் 5 என்றால் 1.1. மூன்று மாதம் கழித்து அதே லேபில் மறுபடி பாருங்கள், எடையையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள். எடை குறைந்தாலே இந்த எண் இறங்கும் என்பதால், இடையில் டயட்டையும் மாற்றியிருந்தால் பெருமையை மாத்திரைக்குக் கொடுக்க முடியாது. 2002-இல் வந்த அமெரிக்கச் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வில், எடையில் 7% குறைப்பதும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் இலக்காக இருந்த குழுவில் நோய் வருவது 58% குறைந்தது, மெட்ஃபார்மின் குழுவில் 31%.

சிறுநீர் அடர் நிறமாகப் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ அது கல்லீரல் பாதிப்பின் அறிகுறியாக இருக்கலாம்; மூலிகை மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு, டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.